மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம்

அபாயச் சங்கு ஊதினால் வீட்டிலிருக்கிற எல்லாரும் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார வேண்டும். போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே அப்பா செய்த ஏற்பாடு அது. மேஸ்திரியாக இருந்தவர்; இடிந்தாலும் கடைசியில் இடிவது அந்தக் கான்கிரீட் படிதான் என்று சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஆளுக்கோர் இடம். வெளி ஓரத்தில் மூட்டுவலிக்கார அப்பா. அவரை ஒட்டி அம்மா. பிறகு பெரியவள். படி சரிந்து இறங்குகிற மூலையில் சின்னவள்.

சின்னவள் இப்போது இல்லை. வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் குண்டு விழுந்தது. அது மழைக்காலம், இப்போது வெயில் கொளுத்துகிறது. அவள் இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்படி வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. சங்கு ஊதும், மூன்று பேரும் பழையபடியே நெருக்கியடித்துக்கொண்டு, முழங்கால் மோவாயில் முட்ட உட்காருவார்கள். மூலையில் சின்னவளின் தலையணை மகாராணி மாதிரி வீற்றிருக்கும். வாரம் தவறாமல் அதற்கு உறை மாற்றுவாள் அம்மா.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் தேய்த்துவிட்டு வரும் பெரியவளுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

“அப்பா, காலை நீட்டுங்களேன். அவ்வளவு இடம் சும்மா கிடக்கு.”

“எனக்கு இதுதாம்மா சௌகரியம்.”

“சௌகரியமா! சங்கு நின்னதும் உங்களத் தூக்கி நிமித்துறது யாரு?”

“நிமித்த வேணாம். இப்படியே சுருட்டி மூலையில வச்சிடு.”

மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தார் பாலர் பள்ளி டீச்சர் ஒருவர். தனி ஆள், கனத்த உடம்பு. முன்பு அவர் இருந்த தெருவே இப்போது கிடையாது. சங்கு ஊதினால் குளியலறையில் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்காருவதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிக்கு மேலே வெறும் தகரக் கூரை.

“டீச்சரையும் கீழ வரச் சொல்லப் போறேன்” என்றாள்.

“இடம் ஏதுடி?” அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தலையணைக்கு இருக்கு, மனுஷிக்கு இல்லையா?”

கத்தி நின்றது. “உனக்கு வாய் ரொம்ப நீளம்.”

“நாளைக்கு அந்தம்மா தலையில விழுந்தா, அன்னைக்கும் உறை மாத்திக்கிட்டு இருப்பியா?”

“கூடப் பொறந்தவதானே நீ? மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

இந்த வீட்டில் அழுகிற வேலையை இரண்டு பேர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எரிந்து விழுகிற வேலைதான் பெரியவளுக்கு மிச்சம். விறுவிறுவென்று படியேறி டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் மதியம், சாப்பாட்டில் கை வைத்ததும் சங்கு ஊதியது. மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள். பின்னாலேயே டீச்சர் மூச்சு வாங்க இறங்கி வந்தார், கையில் வாளியோடு.

“பழகிப்போச்சு. விட்டுட்டு வர மனசு வரல.”

அப்பா சிரித்தேவிட்டார். டீச்சர் அவர்களைத் தாண்டித் தவழ்ந்து, மூலையிலிருந்த தலையணையைக் கையில் எடுத்தார்.

“அங்க உக்காராதீங்க!”

அம்மாவும் அப்பாவும் ஒன்றாகத் திரும்பினார்கள். கத்தியது பெரியவள்.

டீச்சர் தவழ்ந்தபடியே நின்றுவிட்டார். தொலைவில் எங்கோ விழுந்தது. சன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

“நான் வேணா மேலயே போயிடறேனே...”

“நல்லா இருக்கு! போறதுக்கா கூப்பிட்டேன்?” யாரை ஏசுவதென்று பெரியவளுக்கே தெரியவில்லை. “என் இடத்துல உக்காருங்க. அம்மா, நகரு. நகருன்னா நகரேன்!”

அம்மா நகர்ந்தாள். டீச்சரின் வாளியை வாங்கித் தன் காலருகே வைத்துக்கொண்டாள். பெரியவள் தலையணையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு மூலைக்குள் நுழைந்தாள்.

படியின் விளிம்பு ணங்கென்று உச்சந்தலையில் இடித்தது. குனிந்தால் பிடரியில் இடித்தது. கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்துச் சாய்த்தால்தான் அங்கே உட்கார முடியும். சின்னவளோ அவளைவிட உயரம்.

சங்கு ஊதுகிற நேரமெல்லாம் அக்கா தோளில் தலையைப் போட்டுக்கொள்வாள் சின்னவள். கொஞ்சுகிறாள் என்றுதான் இவள் நினைத்திருந்தாள்.

“இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” என்றாள் சத்தமாக.

டீச்சர் பதறிப்போனார். “யாரு, நானா?”

“உங்கள இல்ல.”

“சொல்ல மாட்டா. அழுத்தக்காரி” என்றாள் அம்மா.

மறுபடியும் ஒன்று விழுந்தது, இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். படியிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. பெரியவளின் தலை சரிந்து டீச்சரின் அகலமான தோளில் போய் விழுந்தது. நிமிர வழியில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“டீச்சர், கொஞ்சம் ஆடாம இருங்க” என்றாள் எரிச்சலோடு.