அசனப் பந்தியில் ஓர் இலை

"எதுக்குக்கா ரெண்டு அடுப்பு எரியுது?"

வேதக்கோயிலின் பின்புறம் அரிவாள்மனையோடு வந்து நின்ற சோலையம்மாள் கேட்டாள். ராகேல் குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு, சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்துக்கு, அவர்கள் நிலத்தில் விளைந்ததை மட்டுமே சமைப்பது என்று தீர்மானம். கொட்டாம்பட்டிக்குத் தெற்கே குத்தகை நிலத்தில் சோலையம்மாள் போட்டிருந்த கத்திரி அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தது. முதல் பறிப்பை விற்காமல் இரண்டு சாக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தாள். கொடுக்கச் சொன்னதே ராகேல்தான். பெண்கள் ஐக்கியத் தலைவி, மேலத்தெருக்காரி. பதினாறு வருஷமாக வெள்ளிக்கிழமை ஜெபத்தில் கீழத்தெருச் சோலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள்.

இப்போது பெரிய அண்டாவில் வெந்தது பரவை மார்க்கெட்டில் வாங்கிவந்த காய். அவளுடைய கத்திரிக்காய் மதிலோரம் சின்ன அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

"என் காயி ஏன் அங்கிட்டு வேகுது?"

"அது ஒங்க தெருவுக்கு." ராகேலின் குரல் தாழ்ந்தது. "ஒங்க வீட்டுக் காயின்னா பந்திக்கே வரமாட்டோம்னு எங்க தெருவுல சொல்லிட்டாக. அசனமே நின்னுபோகுமேன்னுதேன் நான் இந்த ரோசனையச் சொன்னேன். ஒங்களுக்குப் பின்னால தனிப் பந்தி. அம்புட்டுத்தேன்."

"நீங்களா சொன்னீக?"

"வேற யாரு சமாளிக்கிறது சோலை?"

சோலையம்மாளுக்குக் கோபத்துக்கு முன்னால் கூச்சம்தான் வந்தது. ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போனதும் இவள் அந்தக் கையைக் கழுவியிருப்பாளோ?

"காலையில ஆராதனையிலதானக்கா ஒரே கிண்ணத்துல ராப்போஜனத் திராட்சரசம் குடிச்சோம்?"

"அது சாமி விசயம். இது ஊர் விசயம்."

அரிவாள்மனையை அங்கேயே வைத்துவிட்டு சோலையம்மாள் பந்தலுக்குள் போனாள். மேலத்தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த முதல் வரிசையில் ஒரு வாழையிலையின் முன் சம்மணமிட்டாள். வெற்று இலைதான்; இன்னும் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். போதகர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "நாங்கள் ஒரே சரீரமாயிருக்கிறபடியால் உமக்கு ஸ்தோத்திரம்" என்று மைக்கில் ஜெபித்தார்.

சோற்று வாளியோடு ராகேல் வந்தாள். "எந்திரி சோலை. ஆளுக பாக்குறாக. ஒனக்குன்னு பின்னால எடுத்து வச்சிருக்கேன்."

"பாக்கட்டும். போடுங்கக்கா."

கரண்டி சோற்றோடு மேலே வந்தது. எதிர்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கரண்டி வாளிக்குள் இறங்கிவிட்டது. ராகேல் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

கடைசி ஆள் பாயசம் குடித்து முடிக்கும்வரை சோலையம்மாள் அசையவில்லை. பிறகு ஒரு பருக்கைகூடப் படாத இலையை, சாவு வீட்டுப் பந்தியில் மடிப்பதுபோல, எதிர்ப்புறமாக மடித்தாள்.

"என்ன சோலை இது, நல்ல நாளும் அதுவுமா?" ராகேல் பதறினாள்.

சோலையம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எளவுச் சோத்துக்கு எலைய இப்பிடித்தானக்கா மடிக்கிறது."