கைச்சூடு

மாரிக்கண்ணனின் வத்தல் கடையை ஒட்டிக் கிடந்த காலி மனை ஆறுமுகச்சாமிக்குச் சொந்தம். அதை வாங்க மாரிக்கண்ணன் மூன்று வருடமாக, ஆசையே இல்லாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அலைந்தான். ஆசை தெரிந்தால் விலை ஏறும் என்பது கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆறுமுகச்சாமியோ இரண்டு தடவை கையெழுத்துப் போட வந்து எழுந்து போனவர். அதில் ஒரு தடவை, டீ ஆறிப்போயிருந்தது என்பதற்காக.

இன்று பத்திர எழுத்தர் ஜெயசித்ராவின் அறையில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு பக்கப் பத்திரம். ஜெயசித்ரா நீட்டிய பால்பாயின்ட் பேனாவை ஒதுக்கிவிட்டு, மாரிக்கண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அதக் குடும் வே. நல்ல காரியத்துக்கு நல்ல பேனா வேண்டாமா?"

கறுப்பு எபோனைட் உடம்பு, தங்க நிப், கழுத்தைத் திருகி ஃபில்லரால் மை ஊற்றும் பேனா. கட்டின பெண்டாட்டிக்குக்கூட அதைத் தொட அனுமதி கிடையாது. அதைவிடப் பெரிய வினை, உள்ளே மை கால்வாசிகூட இல்லை. மை குறைந்தால் காற்று நிறையும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, இருக்கிற மையைச் சொட்டாக வெளியே தள்ளும். பத்திரத்தில் மை கொட்டினால் சகுனம் கெட்டது என்று மனிதர் கிளம்பிவிடுவார். பேனா தராவிட்டாலும் கிளம்புவார். மை இல்லை என்றால், ஏன் தீர்ந்தது என்று குடைவார்.

கொடுத்தான்.

ஆறுமுகச்சாமி பேனாவை உலக்கை மாதிரி முழுக்கைக்குள் பிடித்தார். ஒரு கையெழுத்து, பிறகு புளியங்குடி எலுமிச்சை விலை. இன்னொரு கையெழுத்து, பிறகு மருமகனின் குணம். பேனா கையை விட்டு இறங்கவே இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. மாரிக்கண்ணன் நிப்பையே பார்த்திருந்தான்.

பத்தாவது பக்கத்துக்கு மேலே, நிப் நுனியில் நீலமாக ஒரு மணி திரண்டது. மாரிக்கண்ணனின் கை பாய்ந்து இடையில் விரிந்தது. சொட்டு உள்ளங்கையில் விழுந்தது.

ஆறுமுகச்சாமி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கொட்டும்னு தெரிஞ்சேதான் குடுத்தீரா?"

இனிப் பொய் சொன்னால் மனை போய்விடும். "நேத்துப் பூரா கடையில உக்காந்து, பத்திரத்துல என் கையெழுத்து எப்படி விழும்னு போட்டுப் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. மை தீந்துட்டு."

"அம்புட்டு ஆசையா? மனை கோணலு, மழைக்குத் தண்ணி நிக்கும்னு மூணு வருசமாப் பழிச்சீரே." பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். "மூணு பக்கம் மிச்சம் கெடக்கு. பேசுன விலைய மாத்த மாட்டேன். பேனா என்கூட வரட்டும். சம்மதமா?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மாரிக்கண்ணனுக்குப் பேரம் வாயில் வரவில்லை. இரவல் கொடுக்கும் எவனும் செய்வதுபோல, பேனா திரும்பி வரட்டும் என்று மூடியைத் தன்னிடமே வைத்திருந்தான். அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

ஆறுமுகச்சாமி பேனாவை மூடித் தன் பையில் குத்திக்கொண்ட பிறகுதான், பாக்கிப் பக்கங்களுக்கு ஜெயசித்ராவின் பால்பாயின்ட்டைக் கேட்டார்.