டைட்டஸ் அண்ணன் இறக்கி வைத்த மெயில்கள்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் ஃப்ளோராக்கா தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு சொல்லலாம். அதனால் அவளுக்கும் அவள் புருஷன் டைட்டஸ் அண்ணனுக்கும் நடந்த கம்ப்யூட்டர் சண்டையை நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதில் விழுந்தது.

அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. அதில் இருக்கும் புரோகிராமில்தான் அண்ணன் மெயில் பார்ப்பார். பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் திரும்பி, கை கால் கழுவி, மெயிலை இறக்கிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மெயிலை நெட்டிலேயே வைத்துப் படிக்கலாம், போகிற வழியில் போனிலேயே பார்க்கலாம், இந்தப் பெட்டி எதற்கு என்பாள் அக்கா. அவர் பதிலே சொல்ல மாட்டார். வாயில் எந்நேரமும் கொழுக்கட்டை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவர்களுக்கு மெயில் என்பது சின்ன விஷயமில்லை. மைன்ஸ் மூடின பிறகு, கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே, அக்கா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் அண்ணன் தனியாள். பல வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியதே மெயிலில்தான். அவள் பக்கம் பக்கமாக எழுதுவாள். இவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். அவள் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி கொடுத்த ஐடியிலிருந்து. வேலையை விட்டு ஊர் திரும்பியதும் அதை மூடிவிட்டார்கள். போனால் போகிறது, அண்ணனிடம் எல்லாம் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

போன மாதம் ஒருநாள், அவர் வேலைக்குப் போன பிறகு, ராபர்ட்சன்பேட்டை பழைய கம்ப்யூட்டர் கடைக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டாள். அவருக்கென்று புதுப் போன் வாங்கி வைத்தாள். மேசைக்குப் பூப்போட்ட விரிப்பு விரித்தாள். மெயில் நெட்டில்தானே இருக்கிறது, பெட்டி போனால் என்ன என்பது அவள் நினைப்பு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நல்ல காரியம் செய்தாய் என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்து காலி மேசையைப் பார்த்தார். புதுப் போனில் மெயிலைத் திறந்தார். இரண்டு மூன்று விளம்பரங்கள் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

"உன் மெயில் எல்லாம் அந்தப் பெட்டியில தான் இருந்துச்சி, ஃப்ளோரா," என்றார். "நெட்ல ஒண்ணுகூட விட்டு வெக்கல."

வாலிபத்தில் அவர் மைன்ஸ் ஷாஃப்ட் வாசலில், கேஜ் என்கிற லிஃப்ட் கூண்டில் ஆள் ஏற்றி இறக்கியவர். ஷிஃப்ட் முடிந்தால், கீழே ஒருத்தர்கூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். அந்தப் பழக்கம் மனிதரின் ரத்தத்தில் ஊறிப்போனது. மெயில் புரோகிராமைப் போட்ட அன்று, இறக்கியதும் நெட்டில் இருப்பதை அழித்துவிடவா என்று அது கேட்டிருக்கிறது. ஆமாம் என்று டிக் போட்டுவிட்டார். வீடு வந்து சேர்ந்ததை எதற்கு இன்னும் அங்கேயே விட்டு வைப்பது என்பது அவர் நியாயம்.

மறுநாள் விடிந்ததும் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் திலீப், பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருந்தார். பாவம், அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். எதுவும் திரும்பி வரவில்லை.

"என் கையாலயே தூக்கிக் குடுத்தேனே, லீலா," என்று அக்கா என்னிடம் அழுதாள். "நாங்க வாழ்ந்ததே அதுல தான்டி."

அண்ணன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

திங்கட்கிழமை காலை, ரயில் பங்காரப்பேட்டை தாண்டியிருக்கும், அக்கா போனில் ஒரு மெயில் வந்தது. அண்ணன் கூட்டத்தில் நின்றுகொண்டே தட்டியது. மஸ்கட்டிலிருந்து அவள் அனுப்பிய முதல் மெயிலில் என்னென்ன இருந்தது என்று ஞாபகம் உள்ள மட்டும் எழுதியிருந்தார். அறையில் கூட இருந்த மலையாளிப் பெண்ணின் குறட்டை, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மொட்டை மலை, உப்பில்லாத சாம்பார். மறுநாள் ரயிலிலிருந்து இன்னொன்று, அப்புறம் தினமும் ஒன்று. உப்பில்லாதது சாம்பார் இல்லை, மீன் குழம்பு என்கிற மாதிரி இவள் திருத்தி அனுப்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கும் வயிறு குளிர்ந்தது.

நேற்றுக் காலை சிரிப்பு கேட்கவில்லை. என்னவோ ஏதோ என்று போனேன். ஃப்ளோராக்கா போனை என்னிடம் நீட்டினாள். அண்ணன் எழுதியிருந்தார்:

'அங்கே உனக்கு முதல் கிறிஸ்துமஸ். வார்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள், பிரியாணி போட்டார்கள், நன்றாகச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் சாப்பிடவில்லை. அதை எழுத அப்போது கை வரவில்லை.'

"இத நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல, லீலா," என்றாள் அக்கா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் எதிரிலேயே பதில் தட்டினாள்.

'ஆமாங்க. சாப்பிடல.'