முன்கட்டு

"தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கிப் புடிப்பா, நிலையில இடிக்கப் போவுது" என்றான் ராஜகோபால்.

கட்டிலின் ஒரு முனை அவன் கையில் இருந்தது. மறுமுனையைப் பின்கட்டில் குடியிருக்கும் நெசவாளி ராமலிங்கம் பிடித்திருந்தான். நடுவில் ராஜகோபாலின் அப்பா ஆதிகேசவன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் தலை ஆடாமல் இருக்கத் தலையணையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மனைவி கிருஷ்ணவேணி கூடவே ஓடினாள்.

"எதுக்குடா இந்த நேரத்துல போயி எடத்தை மாத்துற?"

"அங்க கெணத்தடிக் காத்து வரும்மா. டாக்டரே சொன்னாரு."

காலையில் வந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். காற்றைப் பற்றி அவர் பேசியதாக அவளுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் பெற்ற பிள்ளை சொல்கிறான், நம்பாமல் என்ன செய்வது? தெருவைப் பார்த்த முன்கட்டைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, பின்கட்டில் காலியாகக் கிடந்த ஓர் அறைக் குடித்தனத்துக்குள் கட்டில் போய் இறங்கியது.

பிள்ளையார்பாளையத்தில் அந்த முன்கட்டும் பின்னால் இருந்த நாலு குடித்தனங்களும் ஆதிகேசவன் பெயரில் இருந்தாலும், அதெல்லாம் கூரத்தில் கிருஷ்ணவேணிக்குத் தாய்வீட்டார் கொடுத்த நிலத்தை விற்று வாங்கியவை. அவள் லேசில் சம்மதிக்கவில்லை. "வயலு வானத்தைப் பாத்துக்கினு கெடக்கும் வேணி. வீடு அப்படியில்ல, நீ தூங்கினாலும் அது சம்பாதிக்கும். நாளைக்கு நான் போயிட்டாலும் நீ யாரு கையையும் எதிர்பாக்க வேணாம்" என்று அவர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் கைநாட்டு வைத்தாள்.

வாங்கிய பிறகு மனிதர் அந்தத் தொழிலில் கரை கண்டுவிட்டார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அவர் அதோடு வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். வாலாஜாபாத்திலிருந்துகூட அவரிடம் யோசனை கேட்க வருவார்கள். அவரும் வெற்றிலையை மென்றுகொண்டு எடுத்துவிடுவார். கோடையில் கிணறு வற்றுகிற வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதே, தண்ணி இல்லாத இடத்தில் குடி நிற்காது. குடி வருகிறவனின் பேச்சைப் பார்க்காதே, அவன் இதற்கு முன் இருந்த வீட்டுக்காரனைப் போய்ப் பார். வாடகை கேட்கப் போன இடத்தில் ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்காதே. நெசவுக்காரனுக்கு வீடு விட்டால் தறிக்குழியை நீயே வெட்டிக் கொடுத்துவிடு, அவனை வெட்டவிட்டால் குழியோடு வீடும் அவனுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாகக் கிடக்கிற கிழம் இருக்கிற குடும்பத்தை உள்ளே விடாதே.

கடைசியாகச் சொன்னதை அவர் வாயளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. ராமலிங்கத்தின் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, மகள் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வண்டி பிடித்து ஏற்றிவிட்டார். கிழவி திருப்புட்குழி போய்ச் சேருவதற்குள் வழியிலேயே அடங்கிவிட்டாள். ராமலிங்கத்தின் மனைவி ஜெயம்மாள் அன்றைக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஜெயம்மாள்தான் மத்தியானம் கஞ்சி வடித்துக்கொண்டு வந்தாள். ஆதிகேசவனின் உதட்டை நனைத்துவிட்டு, கிருஷ்ணவேணியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"வூட்டுக்காரம்மா, இன்னிக்கு அவிட்டம், தெரியுமா?"

கிருஷ்ணவேணிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அவிட்டத்தில் உயிர் போனால் போன இடத்தை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். சொந்த வீடு என்றால் அந்த அறையை மட்டும் பூட்டிவிட்டு மிச்ச வீட்டில் புழங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு வருகிறவனோ அந்த வாசற்படியைக்கூட மிதிக்க மாட்டான்.

"முன்கட்டை ஜரிகை யாவாரி முருகேசனுக்குப் பேசி முடிச்சுட்டாரும்மா ஒங்க புள்ள. கீழ கடை, மேல குடித்தனம். அதுக்குத்தான் கட்டிலு இங்க வந்துது."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"கட்டிலு தூக்கினவரு எங்கூட்டுக்காரருதானே."

ராஜகோபால் சந்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தான்.

"தூக்குடா கட்டிலை. அந்த மனுசன் உசுரு அவரு வூட்டுல போவட்டும்."

"இதுவும் நம்ம வூடுதாம்மா."

"வாய மூடு. காத்து வரும்னு எங்கிட்டயே பொய் சொன்ன இல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னைத் திட்டாத. நைனாவே சொன்னதுதான். வேணும்னா நீயே கேளு."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நாற்பது வருஷம் தன்னோடு குடித்தனம் பண்ணினவர் தனக்குத் தெரியாமல் இதைச் சொல்லியிருப்பாரா? நேரே உள்ளே போய்க் கட்டிலருகில் குனிந்தாள்.

"ஏங்க, நம்ம எடத்துக்கே போயிடலாமா? நாலு பேரைக் கூப்பிடறேன்."

ஆதிகேசவன் கண்ணைத் திறந்தார். பார்வை தெளிவாகத்தான் இருந்தது.

"வேணாம் வேணி. முன்கட்டு மூடக் கூடாது. நான்தான் சொன்னேன்."

"அப்ப நானு? நான் எங்க இருப்பேன்?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இந்திராணி வூட்டுக்குப் போயிடு. அவதான் பொண்ணு, பாத்துப்பா."

தண்ணீர் இல்லாத வீட்டைக் கழித்துவிடுகிற மாதிரி தன்னையும் கணக்கில் கழித்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கத்தியிருப்பாள், ஆனால் அவருடைய கடைவாயில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். வெயில் இறங்குகிற நேரத்தில் அவர் மூச்சு நின்றது. அடுத்த அறையில் ராமலிங்கம் தறியை நிறுத்தினான், பிறகு தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

மறுநாள் தென்னேரியிலிருந்து மகள் இந்திராணி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அம்மாவின் காதில், "காரியம் முடிஞ்சதும் ஒரு பத்து நாளு வந்து இருந்துட்டுப் போம்மா" என்றாள். பத்து நாள்! கிருஷ்ணவேணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பாடையை முன்கட்டு வழியாகக்கூட எடுக்கவில்லை. பக்கத்துச் சந்தில் ஒருக்களித்துத் திருப்பி, சுவரில் இடித்து, எப்படியோ தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிய வீட்டின் தலைவாசலைத் தாண்டாமலே மனிதர் வேகவதிக் கரைக்குப் போனார். முருகேசனும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடப் போனார். குடி வரப்போகிற வீட்டின் சொந்தக்காரருடைய சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். இனி உயிர் போன இடத்தில் விளக்கேற்ற வேண்டும். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கால் கழுவிக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். ஜெயம்மாள் பின்கட்டு அறையில் தரையைத் துடைத்துக் கோலம் போட உட்கார்ந்தாள்.

"இங்க வேணாம் ஜெயம்மா" என்றாள் கிருஷ்ணவேணி.

அகலைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடந்தாள். ஜெயம்மாள் கோலப்பொடியோடு ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தாள். முன்கட்டில், நேற்று வரை கட்டில் கிடந்த அறையில், தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் கிருஷ்ணவேணி அகலை வைத்து ஏற்றினாள். பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தாள்.

மத்தியானம் ஆண்கள் ஈரத்துணியோடு திரும்பினார்கள். ராஜகோபால் எல்லாரையும் சந்து வழியாக அழைத்துப்போனான். பின்கட்டு அறை இருட்டாக இருந்தது. திரும்பி வந்து முன்வாசலில் நின்றவர்களுக்கு விளக்கு நேராகத் தெரிந்தது.

முருகேசன் ராஜகோபாலைப் பார்த்தார். "உசுரு பின்னால போச்சுன்னு சொன்னியேப்பா?"

"அங்கதாங்க போச்சு. எங்கம்மா ஏதோ…"

"இங்கதான் போச்சு" என்றாள் கிருஷ்ணவேணி. "பக்கத்துல இருந்தது நான். எனக்குத் தெரியாதா?"

"ஜெயம்மா, நீ சொல்லு" என்றான் ராஜகோபால். "நீதானே கஞ்சி குடுத்த? எங்க குடுத்த?"

எல்லாரும் ஜெயம்மாளைப் பார்த்தார்கள். அவள் அகலின் பக்கத்தில் குந்தி எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்தாள்.

"எண்ணெ கம்மியா இருக்குதும்மா" என்றாள்.

முருகேசன் படி ஏறவில்லை. கீழேயே நின்று விளக்கைப் பார்த்துக் கைகூப்பினார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அவருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

இடுப்புத் துணி ஈரம் சொட்ட ராஜகோபால் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கிருஷ்ணவேணி அவனைப் பார்க்காமல் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டாள்.