விசாரணை நாற்காலி

ஒரு பாத்திரத்தைப் படைப்பவன் உலகத்தில் இன்னொரு உயிரைச் சேர்க்கிறான். தலைவர் இதை அடிக்கடி சொல்வார். கதைச் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர் என்பதால், அந்த உயிர்களைப் படிப்பவர்களும் ஏழு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிட்டரின் அலுவலக மாடியில் கூடுவார்கள். அங்கே விசாரணை நாற்காலி என்று ஒன்று உண்டு. கதை எழுதியவர் அதில் தன் பாத்திரமாகவே உட்கார்ந்து, கேட்பதற்கெல்லாம் "நான்" என்று பதில் சொல்ல வேண்டும். திணறினால் சங்கம் போடும் தொகுப்பில் கதை சேராது. ஏற்பாடு தலைவருடையது. தன் திருடன் என்ன செருப்பு போட்டிருந்தான் என்று சொல்லத் தெரியாத பல் டாக்டரம்மாவின் கதையைத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான்.

அன்று நாற்காலியில் தலைவரே உட்கார்ந்திருந்தார். படுக்கையில் விழுந்த அப்பாவைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த மகனின் கதை. தொகுப்பின் முதல் கதை அதுதான் என்று அச்சகத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். கேட்டு அழுவாள் என்று தங்கையையும் கையோடு அழைத்து வந்திருந்தார். நிஜத்தில் அவர்களுடைய அப்பாவைச் சாகும்வரை பார்த்துக்கொண்டது அந்தத் தங்கை. அது தலைவருக்கு ஒரு இடைஞ்சலாகத் தோன்றவேயில்லை. கதை வேறு, வாழ்க்கை வேறு என்பது அவர் கொள்கை.

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிடுவீங்க, சரி. எந்தப் பக்கம் ஆரம்பிப்பீங்க?"

"நான் அன்பில் ஆரம்பிப்பேன்."

"அன்பு எந்தக் கன்னத்துல இருக்கு?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ சிரிப்பில் புரையேறியது.

"மாத்திரை எப்படித் தருவீங்க?" என்றார் பல் டாக்டரம்மா. ரொம்ப நாளாகக் காத்திருந்த குரல்.

"வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றுவேன்."

"படுத்திருக்கிறவருக்கா? தொண்டையில மாட்டிக்குமே. கொன்னுடுவீங்க போலிருக்கே!"

தலைவரின் காதுமடல் சிவந்தது. கைக்குட்டை எந்தப் பையில் என்பது மறந்துபோனது. தங்கையைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதல் கதையும் தலைவர் பதவியும் மாடிப்படியில் உருண்டுவிடும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் குடுப்பாரு. ரேசரைப் பாத்தா அப்பா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. ரேடியோவைப் போட்டா அசையாம இருப்பாரு, பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு கன்னத்தையும் முடிச்சிடணும். விளம்பரம் வந்துட்டா அரை மீசைதான்."

"நேர்ல பாத்த மாதிரி சொல்றியேம்மா!" என்றார் ஆடிட்டர்.

"பக்கத்துலதான் இருந்தேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. "இவ்வளவும் செஞ்சுட்டு, வாயைத் திறக்காம உக்காந்திருக்கீங்களே தலைவரே!" என்று பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். கதை தேறிவிட்டது. இல்லை, அதெல்லாம் இவள் செய்தது என்று சொல்வதற்குக் கைதட்டல் ஓய்ந்த பிறகு நிறைய நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

கீழே தெருவில் இறங்கியதும், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஏன்மா அப்படிச் சொன்ன?"

"கதையில வர்ற அந்த ஆளு பாவம்ணா. அப்பாவை அவ்ளோ நல்லாப் பாத்துக்கிட்டதா எழுதிட்டீங்க, ஆனா அவருக்கு ஒண்ணுமே தெரியல. அம்போன்னு உக்காந்திருந்தாரு. மனசு கேக்கல."

தலைவர் ஒரு பழக்கடை முன்னால் நின்றார். எதையாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அவளுக்கு என்ன பழம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, நடந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திடுங்கண்ணா," என்றாள் அவள். "கடைசியில மகன் குனிஞ்சு, வலது காதுல 'அப்பா, நான் வந்துட்டேன்'னு சொல்றானே..."

"அதுதானேமா கதையோட உச்சம்!"

"இடது காதுன்னு போட்டுடுங்க."

அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது கேட்காது. தலைவருக்கு அது அன்றுதான் தெரியும்.