வஜ்தி தலைமறைவாகப் போன மாலை

முதலில் சொல்லின் பொருள். இன்று மாலை வகுப்பில் ஹபஷி சார் நடத்திய ஆங்கிலச் சொல் 'அப்ஸ்காண்ட்'. லத்தீனிலிருந்து வந்ததாம். 'அப்பால்', 'சேர்த்து வை' இரண்டும் கூடி 'ஒளித்து வை' என்றானது. முதலில் பொருளை ஒளித்தார்கள். பிறகு மனிதன் தன்னையே ஒளித்துக்கொண்டு கிளம்பினான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், தவறாகவும் இருக்கலாம்.

"வேகமா ஓடறது பெரிசில்ல. எவனுக்கும் தெரியக் கூடாது. அதான் விஷயம்" என்றார் சார்.

என் பக்கத்திலிருந்த டயர் கடை வஜ்தி எழுந்து நின்றான். "சார், நான் இன்னிக்கு அதைத்தான் செய்யப் போறேன்."

இன்றிரவு அவனுக்கும் மீன்கடை ஹாஜி தர்வீஷின் மகளுக்கும் நிச்சயம். அத்தை பேசி முடித்தது. வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் நாட்டின் தென்கோடியிலிருக்கும் அஸ்வானுக்கு ரயில்.

"தனியாவா போவே? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றார் தையல்காரி உம்மு ஹானி.

அலெக்சாந்திரியாவில் நாங்கள் யாரையும் தனியாக ஊருக்கு அனுப்புவதில்லை. வகுப்பே கிளம்பியது. டிராமில் நடத்துனர் விசாரித்தார்.

"பையன் தலைமறைவாகப் போறான்" என்றார் சார், பெருமையாக.

டிராமே வாழ்த்தியது. ஒருவர் வழிக்குக் கொய்யா கொடுத்தார்.

நடைமேடையில் உம்மு ஹானி மூச்சு வாங்கினார். "பொண்ணு வீட்டுக்கும் போன் போட்டுட்டேன்டா. சொல்லிக்காம போனா மரியாதையா இருக்குமா?"

காற்று இறங்கிய டயர்போல வஜ்தி உட்கார்ந்தான். ரயிலும் ஹாஜியும் ஒன்றாக வந்தார்கள். ஹாஜியின் கையில் ஒரு தாம்பாளம் நிறைய அரிசி அடைத்த புறா.

"சாப்பிடாம ஏறினே, என் பெண்டாட்டிக்குத் தலாக்! ஆணை!"

ஹாஜியின் மனைவி நல்ல மனுஷி. அவருடைய முப்பது வருட மணவாழ்க்கை இப்போது ஒரு புறாவைப் பொறுத்திருந்தது. வஜ்தி அவசரமாக மென்றான். ரயில் ஊதியது. அவன் எழுந்தான்.

"இன்னொண்ணு! இல்லேன்னா தலாக்!"

ரயில் போய்விட்டது. வாய் நிறையப் புறாவோடு வஜ்தி அழுதான். "மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். ஹாஜி தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"இதைச் சொல்லவா அஸ்வானுக்குப் போறே? அங்கேருந்து கத்தினா எனக்குக் கேக்குமாடா, கழுதே? வேணாம்னா விடு. என் பொண்ணு ஒண்ணும் குறைஞ்சு போயிடல."

"மன்னிச்சிடுங்க மாமா."

"ஆனா வீட்டுல ஆட்டை அடிச்சு ஆக்கி வெச்சாச்சு. எல்லாரும் வாங்க. ஒருத்தன் வரலேன்னாலும் தலாக்!"

போனோம். நின்றுபோன நிச்சயத்துக்கு இத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. பெண்ணின் அம்மா வஜ்தியின் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டே இருந்தார். மணப்பெண் அதன்மேல் ஒரு எலும்பைத் தடாலென்று போட்டாள்.

சார் நாளைக்கு அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கேட்டிருக்கிறார். 'வஜ்தி அப்ஸ்காண்ட் ஆனான்' என்று எழுதலாமா, தெரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், சோற்றுக் குவியலுக்குப் பின்னால் அவன் தெரியவேயில்லை.