நாங்களே கேட்டோம்

விடியும் முன்பே கை வெந்துவிடும். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் எங்களுக்கு வேலை. ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அண்ணியும் இழுத்துப் பிடித்து, சுருக்கம் நீக்கி, துணியை உலர்த்தித் தேய்க்கும் கொதிக்கும் உருளைக்குள் செலுத்துவோம். சோப்புக் காரத்தில் விரல்நுனித் தோல் உரிந்து கிடக்கும்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நின்றால் எண்ணிக்கை குறையும், கூலி குறையும். அதனால் கம்பி அசையாதபடி கிழிந்த துணியால் கட்டிவிடுவோம். கட்டச் சொன்னது யாருமில்லை. பயத்தில் நாங்களே கட்டினோம். போன வாரம், வேலையின் பதினோராவது மணி நேரத்தில், அடுத்த உருளையில் நின்ற சீட்டியண்ணனின் மூன்று விரல்கள் உள்ளே போயின. எப்போதும் சீட்டியடிப்பவர். இப்போது கூடத்தில் இயந்திரச் சத்தம் மட்டும்தான்.

இன்று முதலாளியே வந்து கட்டுகளை அவிழ்த்தார்.

"எட்டு மணிக்குக் கட்சித் தலைவர் வர்றாரு. கேமரா வரும். 'பன்னிரண்டு மணி நேர வேலைய நாங்களே கேட்டோம்'னு நீ சொல்லணும். ஒரே வரி. உன் அண்ணிக்கும் இங்கதான் வேலை, மறந்துடாத."

அந்தத் தலைவர் மேடைக்கு மேடை பேசுவது அதைத்தான். வேலை வேண்டுமா, நேரம் பார்க்காதே. ஆலைக்குள் திடீர்ச் சோதனை கூடாது. அவர் கொண்டுவரும் சட்டத்துக்கு என் வாய் சாட்சி.

"என்னடா, பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்படி முழிக்கலியே நீ?" என்றாள் அண்ணி.

"பொய் சொல்ல மனசு வரல அண்ணி."

"எனக்கும்தான். சொல்லித் தொலை. அடுப்பு எரியணும்ல."

தலைவர் வந்தார். பழக்கதோஷம், எங்கள் கைகள் கம்பியைத் தாண்டிப் போயின. உருளை நின்றது. ஓட்டினோம். மறுபடி நின்றது.

"ஏன்யா நின்னு நின்னு போகுது?"

"பழைய மெஷின் சார்," என்று முதலாளி சிரித்தார்.

தலைவர் என் தோளில் கை போட்டார். "நீ சொல்லு தம்பி. பன்னிரண்டு மணி நேரம் யாரு கேட்டா?"

அந்த வரி நாக்கில் தயாராக இருந்தது. அப்போது உருளை மூன்றாம் முறையாக நின்றது. அண்ணியின் விரல்களுக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"நாங்க கேக்கல சார். மெஷின்ல கோளாறு இல்ல. தினமும் இந்தக் கம்பியக் கட்டிப் போட்டுத்தான் ஓட்டுறோம். இன்னிக்குத்தான் அவுத்திருக்கு."

"டேய்! யாரக் கேட்டுடா கட்டுனீங்க?" என்று முதலாளி சீறினார்.

"கட்டுனது தப்புதான். கட்டாம முடிக்க முடியாத எண்ணிக்கைய வச்சது யாரு? சீட்டியண்ணன் விரல் போயி ஆஸ்பத்திரில கெடக்காரு."

கேமரா அணைந்தது. தலைவரின் சிரிப்பு மட்டும் அணையவில்லை.

"நாங்க, நாங்கன்னா யாரு தம்பி? நீ ஒருத்தன்தானே பேசுற?"

மற்ற உருளைகள் ஓடிக்கொண்டே இருந்தன. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அண்ணி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "நானும்தான்." துணி மடிக்கும் மேசையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சலவைத் தொட்டிக்காரர் கையைத் துடைத்தபடி வந்தார். பிறகு எல்லா உருளைகளும் ஓய்ந்தன.

"நாளைக்கு ஒருத்தரும் உள்ள வரக் கூடாது!" முதலாளி கத்தினார்.

"வருவோம்," என்றாள் அண்ணி. "எல்லாரும் ஒண்ணாத்தான் வருவோம்."

என் தோளை உரசி நின்ற தொட்டிக்காரரின் தோள் நடுங்கியது. யாரும் விலகவில்லை.